பார்த்தே இராத கிருமிக்கு ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது?

தாழம்பூ | திங்கள், இரவு 9.12

மகள் பத்தாம் வகுப்பு. இன்று அறிவியல் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டாள். "கிருமி உடலுக்குள் நுழைந்ததும் அதற்கேற்ற ஆன்டிபாடிகள் உருவாகின்றன." அவள் கேட்டது: "அதற்கேற்ற என்றால் எப்படிம்மா? அந்தக் கிருமியை உடம்பு இதுவரை பார்த்ததே இல்லை. அதன் வடிவம் எப்படித் தெரியும்?"

நான் வணிகவியல் படித்தவள். தெரிந்த வரைக்கும், கிருமி பூட்டு மாதிரி, ஆன்டிபாடி சாவி மாதிரி என்று சொன்னேன். "சரி, பூட்டைப் பார்க்காமல் சாவியை யார் செய்தது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மணி நேரமாகத் தேடிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் "உருவாகின்றன" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே மருத்துவம், உயிரியல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

மழைக்குருவி | திங்கள், இரவு 9.40

அக்கா, நான் புரிந்துகொண்டது இப்படி. ஈரக் களிமண்ணில் ஒரு நாணயத்தை அழுத்தினால் அச்சு விழுகிறது இல்லையா? அது போலக் கிருமியின் மேல் ஒரு புரதம் படிந்து, அதன் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி மடிந்து இறுகிவிடுகிறது. அதுதான் ஆன்டிபாடி. கிருமியே அச்சு. ஆக, பூட்டைப் பார்த்துத்தான் சாவி செய்யப்படுகிறது.

பழைய ஸ்லைடு | திங்கள், இரவு 11.05

மழைக்குருவி தம்பி, நீங்கள் சொன்னது தவறு. ஆனால் இதே தவறைச் செய்தவர் லைனஸ் பாலிங் என்ற பெரிய வேதியியல் விஞ்ஞானி. 1940இல் அவர் எழுதியது ஏறக்குறைய நீங்கள் சொன்னதேதான். அந்தக் காலத்தில் கையில் இருந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் நியாயமான எண்ணமும்கூட.

31 வருடம் ஆய்வகத்தில் சீரம் பிரித்தும் ஸ்லைடு பார்த்தும் ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்கிறாள் என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அவள் கேட்டதற்குச் சரியான விடை கிடைக்க விஞ்ஞானத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் ஆனது.

1890இல் பெரிங், கிடசாட்டோ இருவரும் ஒன்றைக் காட்டினார்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) நஞ்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பின் பிரிகிற தெளிநீரை எடுத்து வேறொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் தப்பித்துவிடுகிறது. தொண்டை அடைப்பான் நஞ்சுக்கும் அப்படியே. ஆக, காப்பது இரத்தத்தில் மிதக்கிற ஏதோ ஒரு பொருள். அது எப்படி உண்டாகிறது? 1897இல் பால் எர்லிக் ஒரு யோசனை சொன்னார்: செல்லின் மேல் பலவகைக் கொக்கிகள் முன்கூட்டியே இருக்கின்றன; நஞ்சு வந்து ஒன்றில் மாட்டினால் செல் அந்தக் கொக்கியை அளவுக்கு அதிகமாகச் செய்து இரத்தத்தில் உதிர்க்கிறது. அதாவது சாவி ஏற்கெனவே இருக்கிறது என்றார்.

அப்புறம் லாண்ட்ஸ்டைனர் வந்து அந்த எண்ணத்தையே ஆட்டிவிட்டார். இரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான். இயற்கையில் எங்கும் இல்லாத, ஆய்வகத்தில் மட்டுமே செய்யப்பட்ட வேதிப்பொருள்களைப் புரதத்தில் ஒட்டி விலங்குகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் ஆன்டிபாடி வந்தது! நேற்று வரை உலகத்திலேயே இல்லாத பூட்டுக்கு உடம்பு முன்கூட்டியே சாவி வைத்திருக்க முடியுமா? முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதனால்தான் பாலிங் அச்சுக் கொள்கைக்குப் போனார்.

ஏன் அது தவறு என்று நாளைக் காலையில் எழுதுகிறேன். கண் எரிகிறது.

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 6.20

காலையில் எழுந்ததும் முதலில் இந்த இழையைத்தான் திறந்தேன். கணக்கு சொல்லிக்கொடுப்பவன். ஒரு சந்தேகத்தை இப்போதே போட்டு வைக்கிறேன். சாவிகள் முன்கூட்டியே இருக்கின்றன என்றால் எத்தனை? மனிதனுக்கு மொத்தம் 20,000 சொச்சம் புரத ஜீன்கள்தான் என்கிறார்கள். அத்தனையையும் ஆன்டிபாடிக்கே கொடுத்தாலும் 20,000 சாவிதானே? அது போதாதே.

பழைய ஸ்லைடு | செவ்வாய், காலை 8.15

உங்கள் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அச்சுக் கொள்கை எங்கே உடைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆன்டிபாடித் துண்டை எடுத்து வேதிப்பொருள் போட்டு முழுக்க அவிழ்த்துவிடலாம். பின்னல் போட்ட நூலைப் பிரித்துவிடுவது போல. அப்புறம் அந்த வேதிப்பொருளை நீக்கினால் அது தானாக மறுபடி மடிகிறது. பக்கத்தில் கிருமி இல்லை, அச்சு இல்லை. ஆனாலும் மடிந்து முடித்ததும் பழைய இலக்கையே பிடிக்கிறது. 1964இல் ஹேபர் இதைச் செய்து காட்டினார். வடிவம் புரதத்தின் எழுத்து வரிசையிலேயே இருக்கிறது, வரிசை ஜீனில் இருக்கிறது. கிருமி வந்து ஜீனில் எழுதிவிட்டுப் போவதில்லை.

இன்னொன்று, அச்சுதான் காரணம் என்றால் ஒரே செல் காலையில் ஒரு கிருமிக்கும் மாலையில் வேறொன்றுக்கும் ஆன்டிபாடி செய்ய வேண்டும். 1958இல் நாசலும் லெடர்பெர்க்கும் மெல்போர்னில் இதைச் சோதித்தார்கள். எலிகளுக்கு இரண்டு வகை சால்மோனெல்லாவைச் செலுத்தினார்கள். பிறகு நிணநீர் முடிச்சிலிருந்து செல்களைப் பிரித்து ஒரு நுண்துளிக்கு ஒரு செல் என்று விட்டார்கள். அந்தத் துளியில் நீந்துகிற பாக்டீரியாவை விட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாலை ஆட்டி ஓடிக்கொண்டிருக்கிற பாக்டீரியா, ஆன்டிபாடி பட்டதும் அப்படியே நின்றுவிடும். ஒரு துளியில் முதல் வகை நின்றது, இரண்டாம் வகை ஓடிக்கொண்டே இருந்தது. வேறொரு துளியில் நேர்மாறு. இரண்டையும் நிறுத்துகிற செல் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒரு செல்லுக்கு ஒரு சாவிதான்.

அதற்கு முந்தைய வருடம், 1957இல், மெக்ஃபார்லேன் பர்னெட் ஒரு சிறிய கட்டுரையில் சொன்னதை இன்றைய சொற்களில் சொல்கிறேன். நம் உடம்பில் பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஏதோ ஒரு சாவியோடு பிறக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய சாவி. எந்தப் பூட்டுக்கும் என்று இல்லை. அந்த ஒரே மாதிரிச் சாவியைச் சுமார் ஒரு லட்சம் பிரதி தன் மேல்தோலில் குத்தி வைத்துக்கொண்டு செல் சுற்றி வருகிறது. பெரும்பாலானவை ஒரு பூட்டையும் சந்திக்காமலே செத்துப்போகின்றன. ஏதோ ஒன்றில் கிருமி வந்து மாட்டிக்கொள்கிறது. அந்த ஒன்று பெருகுகிறது. ஆயிரமாகி, லட்சமாகி, அதே சாவியை இரத்தத்தில் கொட்டுகிறது.

ஆகவே உங்கள் மகளுக்கு என் பதில்: பூட்டைப் பார்த்து யாரும் சாவி செய்யவில்லை. சாவிகள் முன்னமே கண்மூடித்தனமாக வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பூட்டுதான் வந்து தன் சாவியைத் தேர்ந்தெடுக்கிறது.

தாழம்பூ | செவ்வாய், காலை 8.50

ஐயா, இதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூவோடு நின்று முழுதும் படித்தாள். "அப்படியென்றால் இனிமேல் வரப்போகிற கிருமிக்கும் என்னிடம் இப்போதே சாவி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

நுண்ணோக்கி | செவ்வாய், மதியம் 1.30

பெரும்பாலும் ஆமாம் என்று சொல்லுங்கள் அக்கா. நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி மாணவி நான். எண்ணும் எழுத்தும் சார் கேட்டதற்கு நான் முயற்சி செய்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

ஆன்டிபாடி ஒய் எழுத்து வடிவம். இரண்டு கனமான சங்கிலி, இரண்டு இலேசான சங்கிலி. பிடிக்கிற வேலை இரு கைகளின் நுனியில். அந்த நுனிக்கு முழு ஜீன் என்று ஒன்று கிடையவே கிடையாது! துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. கனச் சங்கிலிக்கு வி என்கிற துண்டு சுமார் 40, டி துண்டு 23, ஜே துண்டு 6. எலும்பு மஜ்ஜையில் ஒரு பி செல் வளரும்போது ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றை எடுத்து, நடுவில் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, மூன்றையும் ஒட்டுகிறது. தன் சொந்த டிஎன்ஏவைத்தான் வெட்டுகிறது. வெட்டியது வெட்டியதுதான்.

இதை 1976இல் டோனெகாவா காட்டினார், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில். எலிக்கருவின் டிஎன்ஏவையும் ஆன்டிபாடி செய்கிற எலிப் புற்றுச்செல்லின் டிஎன்ஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கருவில் தள்ளித் தள்ளி இருந்த துண்டுகள் புற்றுச்செல்லில் கிட்டக் கிட்ட வந்திருந்தன. எல்லாச் செல்லிலும் டிஎன்ஏ ஒன்றேதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம். 1987 நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது.

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், மதியம் 2.05

போட்டுப் பார்த்துவிட்டேன். 40 × 23 × 6 = 5,520. இலேசான சங்கிலிக்கும் இப்படித் துண்டுகள் இருக்குமே, அதற்கு எத்தனை?

நுண்ணோக்கி | செவ்வாய், மதியம் 2.20

அதில் இரண்டு குடும்பம். இரண்டும் சேர்ந்து தோராயமாக 320 சேர்க்கை. அதில் டி துண்டு இல்லை.

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், மதியம் 2.31

5,520 × 320 = 17,66,400. ஏறத்தாழ 18 லட்சம். 20,000 ஜீனுக்குள்ளேயே ஒரு மூலையில் இருநூறுக்கும் குறைவான துண்டுகளை வைத்துக்கொண்டு 18 லட்சம் சாவி. அழகு. ஆனால் போதாது என்றே நினைக்கிறேன். உலகத்தில் உள்ள வடிவங்களுக்கு 18 லட்சம் எம்மாத்திரம்?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 8.45

சார், நீங்கள் நினைத்தது சரி. உண்மையான செல்வம் துண்டுகளில் இல்லை, ஒட்டு விழுகிற இடத்தில் இருக்கிறது.

ராக் என்ற நொதி டிஎன்ஏவை வெட்டுகிறது. வெட்டிய முனைகளை நேர்த்தியாக ஒட்டுவதில்லை. சில எழுத்துகள் மெல்லப்பட்டுப் போகின்றன. அதற்கு மேல் டிடிடி என்று ஒரு நொதி வருகிறது. அது எந்த மூலப்பிரதியையும் பார்க்காமல், தன் பாட்டுக்கு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும். நம் உடம்பில் மற்ற எல்லா டிஎன்ஏ வேலையும் ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதுவது. இது மட்டும் எதையும் பார்க்காமல் கிறுக்குவது. அப்படிக் கிறுக்கிய இடம்தான் ஆன்டிபாடியின் கைநுனியில் நட்டநடுவே வந்து உட்காருகிறது, கிருமியைத் தொடுகிற இடத்தில்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஜீனை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்க வேண்டும். கிறுக்கியதில் எழுத்துக் கணக்கு மூன்றில் சரியாக விழாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் உளறல். ஆக மூன்றில் இரண்டு ஒட்டு வீண். செல்லுக்கு இன்னொரு குரோமோசோமில் மறுமுயற்சி உண்டு. அதுவும் தவறினால் சாவுதான். எலும்பு மஜ்ஜையில் நாள் முழுக்க இப்படிச் செத்துக்கொண்டே இருக்கின்றன. இந்த விலையைக் கொடுத்துத்தான் சாவிகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரம் கோடிக்கு மேல் கொண்டுபோகிறது உடம்பு. ஒரு மனிதனிடம் இருக்கிற பி செல்களைவிட எழுதச் சாத்தியமான சாவிகள் அதிகம். லாண்ட்ஸ்டைனரின் செயற்கைப் பொருளுக்கும் சாவி இருந்த ரகசியம் இதுதான்.

மழைக்குருவி | செவ்வாய், இரவு 9.10

என் களிமண் அச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் நம் சொந்தச் செல்லுக்கே பொருந்துகிற சாவியும் வருமே?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9.25

வரும், நிறையவே வரும். மஜ்ஜையை விட்டு வெளியே போகும் முன் சோதனை நடக்கிறது. அங்கே சுற்றியிருப்பது எல்லாம் நம் சொந்தப் பொருள்கள். அவற்றைப் பலமாகப் பிடிக்கிற செல்லுக்கு முதலில் இலேசான சங்கிலியை மாற்றி வெட்டிப் பார்க்க ஒரு வாய்ப்பு. அதுவும் சரிவராவிட்டால் அழிவு. வடிகட்டலில் தப்பியவற்றில் சில முடக்கி வைக்கப்படுகின்றன. இந்தக் காவல் தவறுகிற இடத்தில்தான் லூபஸ் போன்ற நோய்கள் வருகின்றன. அது தனி இழைக்கான விஷயம்.

ஓடைக்கரை | செவ்வாய், இரவு 10.30

எல்லாம் சரி. சரியான சாவி உள்ள செல் பல ஆயிரத்தில் ஒன்றோ பல லட்சத்தில் ஒன்றோதான் என்றால், கால் விரலில் நுழைந்த கிருமியை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? உடம்பு முழுக்கத் தேடிக்கொண்டிருக்குமா?

பழைய ஸ்லைடு | புதன், காலை 7.40

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். செல் கிருமியைத் தேடிப் போவதில்லை. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தொண்டை வலித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். எல்லோரும் விரலால் தடவிப் பார்த்திருப்போம், கொட்டைப்பாக்கு மாதிரி உருளும், தொட்டால் வலிக்கும். அதுதான் நிணநீர் முடிச்சு. காலில் இருந்து வடிகிற நிணநீர் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அங்கே வருகிறது. இரத்தத்தில் சுற்றுகிற பி செல்கள் முடிச்சு முடிச்சாக நுழைந்து சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். ஒன்றுக்கு அங்கே பூட்டு கிடைத்துவிட்டால் அது கிளம்பாது.

அது கிருமித் துண்டை விழுங்கி, உடைத்து, புரதத் துணுக்கைத் தன் மேலே தூக்கிக் காட்டுகிறது. அதை அடையாளம் காண்கிற டி செல் (இன்னொரு வகை வெள்ளையணு) ஒன்று "சரி, போ" என்று அனுமதி தரவேண்டும். கிடைத்தால் பெருக ஆரம்பிக்கிறது. நீங்கள் விரலால் தொட்டு வலிக்கிறது என்கிறீர்களே, வேலை உங்கள் விரலுக்கு அடியில் அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் ஆன்டிபாடி வெளியே வர ஐந்தாறு நாள் பிடிக்கும். அது ஐஜிஎம். ஐந்து ஒய்கள் வட்டமாகக் கை கோத்தது, மொத்தம் பத்துக் கைநுனி. ஒவ்வொரு கையும் கொஞ்சம் தளர்வாகத்தான் பிடிக்கும், பத்தும் சேர்வதால் சமாளிக்கும். பிறகு அதே கைநுனியை வைத்துக்கொண்டு அடிப்பகுதியை மட்டும் மாற்றி ஐஜிஜி ஆகிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இந்த இரண்டு பெயரும் வருவது அதனால்தான். ஐஜிஎம் மட்டும் இருந்தால் பொதுவாகப் புதிய தொற்று, ஐஜிஜி இருந்தால் நாளானது அல்லது பழையது. விதிவிலக்கு உண்டு, அறிக்கையை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

நுண்ணோக்கி | புதன், காலை 10.15

ஐயா ஒன்றை விட்டுவிட்டார், அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. முடிச்சுக்குள் பெருகுகிற செல்கள் அதே சாவியை அப்படியே பிரதி எடுப்பதில்லை. கைநுனி ஜீனில் மட்டும் வேண்டுமென்றே பிழை விடுகின்றன. வழக்கமான பிழை விகிதத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு. ஏஐடி என்ற நொதியின் வேலை அது. சாவியை அரத்தால் அங்கே இங்கே ராவுவது போல, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. பெரும்பாலான சாவி கெட்டுப்போகும். ஒன்றிரண்டு முன்பைவிட நன்றாகத் திரும்பும்.

பிழை விட்ட செல்கள் அடுத்த அறைக்குப் போகின்றன. அங்கே கிருமித் துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு சில செல்கள் நிற்கின்றன. யார் இறுகப் பிடித்து அதிகம் பறிக்கிறாரோ அவருக்கே டி செல்லின் அனுமதி. மற்றவை மடிகின்றன. வென்றவை முதல் அறைக்குத் திரும்பி மறுபடி பெருகி மறுபடி ராவிக்கொள்கின்றன. வாரக்கணக்கில் இந்தச் சுற்று நடக்கும். மூன்றாம் வாரத்து ஆன்டிபாடி முதல் வாரத்தைவிட இறுக்கமாகப் பிடிப்பது இதனால்தான். தடுப்பூசியின் அடுத்த தவணையைச் சில வாரமோ மாதமோ தள்ளிப் போடுவதற்கும் இதில் பங்கு உண்டு.

அரும்பின் அம்மா | புதன், இரவு 11.50

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நெறி கட்டுவதைப் பற்றிப் படித்ததும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் பையனுக்கு நெறி கட்டியதே இல்லை.

ஆறு மாதம் வரை நன்றாக இருந்தான். அதன் பிறகு காதில் சீழ், மார்புச் சளி, நிமோனியா, திரும்பக் காது. ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குழந்தைகளுக்கு வருவதுதான், நீங்கள்தான் பயப்படுகிறீர்கள் என்பார்கள். இரண்டு வருடம் இப்படியே போனது. கடைசியில் ஒரு டாக்டர் அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். கழுத்தைத் தடவினார், அக்குளைத் தடவினார். "இவ்வளவு தொற்று வந்த பையனுக்கு டான்சில் எங்கே?" என்று கேட்டார். இருக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள். ஐஜிஜி கிட்டத்தட்டப் பூஜ்யம். பி செல்லே இல்லை.

எக்ஸ் குரோமோசோமில் பிடிகே என்ற ஒரே ஒரு ஜீனில் பிழை. சாவி வெட்ட ஆரம்பிக்கிற செல் பாதி வழியிலேயே நின்றுபோகிறது. 1952இல் புருட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் முதலில் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். ஆறு மாதம் அவன் நன்றாக இருந்தது என்னுடைய ஆன்டிபாடியால் என்றும் சொன்னார்கள். வயிற்றில் இருந்தபோது நஞ்சுக்கொடி வழியாகப் போனது. அது தீர்ந்ததும் அவனிடம் எதுவும் இல்லை.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை கையில் ஊசி போட்டு ஐஜிஜி ஏற்றுகிறோம். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது. மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பள்ளிக்குப் போகிறான், பந்து விளையாடுகிறான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: அது ஏன் நான்கு வாரத்தில் தீர்ந்துபோகிறது? மற்றவர்களுக்கு ஆயுள் முழுக்க இருக்கிறதே?

தாழம்பூ | வியாழன், காலை 6.05

அம்மா, எழுதியதற்கு நன்றி. காலையில் முதலில் கண்ணில் பட்டது இதுதான். அந்த டார்ச் அடித்த டாக்டர் நன்றாக இருக்கட்டும்.

பழைய ஸ்லைடு | வியாழன், காலை 7.30

அரும்பின் அம்மா, அந்த டாக்டர் செய்தது உயர்ந்த மருத்துவம். டான்சிலில் பெரும்பகுதியும் நிணநீர் முடிச்சில் கணிசமான பகுதியும் பி செல்கள்தான். பி செல் இல்லாவிட்டால் அவை வளர்வதில்லை. இருக்கவேண்டிய ஒன்று இல்லை என்பதைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐஜிஜி யாருடைய உடம்பிலும் ஆயுள் முழுக்க இருப்பதில்லை. எனக்கும் சரி, உங்களுக்கும் சரி, சுமார் மூன்று வாரத்தில் பாதி அழிந்துபோகிறது. எங்களுக்கு அது குறையாமல் தோன்றக் காரணம், எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து செய்துகொண்டே இருக்கிற பிளாஸ்மா செல்கள். வென்ற பி செல்லின் கடைசி வடிவம் அது. ஒரு பிளாஸ்மா செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடி கொட்டும். சில வருடக்கணக்கில் வாழும். உங்கள் பையனிடம் தொட்டியும் தண்ணீரும் இருக்கின்றன, ஊற்று இல்லை. அதனால்தான் நீங்கள் நிரப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். இன்னொன்று, ஏற்றுவது ஏறக்குறைய ஐஜிஜி மட்டும். மூக்கு, தொண்டை, குடலின் ஈரத்தில் காவல் இருக்கிற ஐஜிஏ அதில் வராது. சளி அவனுக்கு அடிக்கடி பிடித்தால் உங்கள் கவனிப்பில் குறை என்று நினைக்காதீர்கள்.

ஓடைக்கரை | வியாழன், மதியம் 12.40

எனக்கு அதே இடத்தில் வேறொரு கேள்வி. தடுப்பூசி போட்டால் ஆன்டிபாடி அளவு சில மாதத்தில் குறைந்துவிடுகிறது என்கிறார்கள். நோயே வந்துபோனால்தான் அசல் எதிர்ப்பு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நுண்ணோக்கி | வியாழன், மாலை 5.15

இரண்டு தனி விஷயம் இது.

முதலில் குறைவது. தொற்று முடிந்ததும் பெருகிய செல்களில் பெரும்பகுதி சாகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இடம் போதாது. மஜ்ஜையில் இடம் பிடித்த பிளாஸ்மா செல்களும், ராவி முடித்த சாவியோடு அமைதியாகச் சுற்றுகிற நினைவு செல்களும் மிஞ்சும். இரத்தத்தில் அளவு குறைந்திருந்தாலும் அடுத்த முறை கிருமி வந்தால் நினைவு செல் சில நாளில் எழுந்துவிடும். அந்தச் சில நாளே அதிகம் என்கிற அளவுக்கு வேகமான நோய்களுக்குத்தான் இரத்தத்தில் ஆன்டிபாடி தயாராக இருப்பது முக்கியம்.

எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று, 1846இல் ஃபாரோ தீவுகளில் பரவிய தட்டம்மை. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் விழுந்தார்கள். டென்மார்க்கிலிருந்து போன பானும் என்ற இளம் டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். அதற்கு முன் அங்கே தட்டம்மை பரவியது 1781இல். அப்போது நோய் கண்டு பிழைத்த கிழவர்களில் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. நடுவில் 65 வருடம் கிருமியே அந்தப் பக்கம் வரவில்லை.

அப்புறம் நோய்தான் அசல் என்பது. தட்டம்மை வந்தால் எதிர்ப்பு உறுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே தட்டம்மை மற்ற நோய்களுக்கான நினைவு செல்களை அழித்துவிடுகிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தது. ரணஜன்னி இன்னும் தெளிவு. அதன் நஞ்சு ஆளைக் கொல்லப் போதுமான அளவு, பி செல்லை எழுப்பக்கூடப் போதாது. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும். நோய் அங்கே எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

ஓடைக்கரை | வியாழன், இரவு 9.00

ரணஜன்னி விஷயம் எனக்குத் தெரியாது. நோய் வந்தால் எதிர்ப்பு வரும் என்பதைப் பொது விதியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொள்கிறேன்.

எண்ணும் எழுத்தும் | வியாழன், இரவு 9.30

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. டி செல் அனுமதி தரவேண்டும், அதுவும் புரதத் துணுக்கைப் பார்த்து என்று ஐயா சொன்னார். கிருமியின் மேல்தோல் சர்க்கரையால் ஆனதாக இருந்தால்?

நுண்ணோக்கி | வியாழன், இரவு 10.10

சார், கணக்கு ஆசிரியர் என்பது தெரிகிறது! மூளைக்காய்ச்சல், நிமோனியா உண்டாக்குகிற சில பாக்டீரியாக்கள் சர்க்கரைப் போர்வை போர்த்தியவைதான். பெரியவர்களின் பி செல்கள் சிலவற்றால் டி செல் உதவி இல்லாமலே அதற்கு ஓரளவு ஆன்டிபாடி செய்ய முடியும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையால் சரியாக முடியாது. நோய் அதிகம் தாக்குவதும் அந்த வயதைத்தான்.

தீர்வு இப்படிக் கிடைத்தது. அந்தச் சர்க்கரையை எடுத்து ஒரு புரதத்தோடு ஒட்டிவிடு. ரணஜன்னியின் செயலிழந்த நஞ்சுப் புரதம் அதற்கு நன்றாக உதவுகிறது. பி செல் சர்க்கரையைப் பிடித்து விழுங்கும்போது புரதமும் கூடவே உள்ளே போகிறது. உடைத்த புரதத் துணுக்கை மேலே காட்டுகிறது. டி செல் அதைப் பார்த்து அனுமதி கொடுக்கிறது. டி செல் பார்ப்பது ரணஜன்னிப் புரதத்தை, பி செல் செய்வது சர்க்கரைக்கு ஆன்டிபாடியை. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி என்ற பாக்டீரியா) தடுப்பூசி இப்படித்தான் கைக்குழந்தைகளுக்கு வந்தது. அது வந்த நாடுகளில் ஹிப் மூளைக்காய்ச்சல் கிட்டத்தட்ட மறைந்தே போனது.

அரும்பின் அம்மா | வெள்ளி, காலை 10.20

நேற்று ஊசி நாள். சொட்டு இறங்கும்போது ஐயா எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். தொட்டி, ஊற்று எல்லாம் கவனமாகக் கேட்டான். "இந்தப் பாட்டில்ல எத்தனை பேர் சாவி இருக்கும்மா?" என்றான். ஆயிரக்கணக்கான பேருடையது என்றேன். பாட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

தாழம்பூ | வெள்ளி, இரவு 8.30

மகள் மூன்று நாளாக இந்த இழையை என்னைவிட அதிகமாகப் படித்துவிட்டாள். அரும்பு கேட்ட கேள்வியைத் தன் தோழிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். இன்று பாடப்புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: "கிருமி நுழைந்ததும், ஏற்கெனவே இருக்கிற ஆன்டிபாடிகளில் அதற்குப் பொருந்துவது தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகிறது." ஐயா, இது சரியா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

பழைய ஸ்லைடு | வெள்ளி, இரவு 9.15

ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்லுங்கள். ஆன்டிபாடி பெருகாது, அது வெறும் புரதம். அதைத் தாங்கியிருக்கிற செல்தான் பெருகும். "ஆன்டிபாடிகளில்" என்பதை அடித்துவிட்டு "பி செல்களில்" என்று எழுதட்டும். மீதி எல்லாம் சரி.